மகராசிக்கு நாலரைப் புள்ளி ஏறியது

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகள் நெருக்கியடிக்கும் ஒரு தெருவில், மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில், ‘இரத்தப் பண்பு மரபியல் உயராய்வு மையம்’ என்று ஒரு பலகை தொங்குகிறது. யாருடைய இரத்தம், என்ன பண்பு என்று பலகை சொல்லாது. சொல்லவும் கூடாது. கீழ்த்தளத்தில் முகூர்த்தப் புடவை விற்கும் கட்டட உரிமையாளர் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டுவிட்டார். மாடியில் என்ன ஆராய்ச்சி வேண்டுமானாலும் செய்யலாம், அந்த மிருகத்தின் பெயர் மட்டும் பலகையிலோ, படிக்கட்டிலோ, ஜன்னல் திறந்திருக்கும் நேரத்தில் பேச்சிலோ வரக்கூடாது. கல்யாணப் பெண்கள் வந்துபோகிற இடமாயிற்றே. ஆகவே, பண்ணைப் பன்றிகளின் இரத்தத்தை ஆராய்வதற்கென்றே ஏற்பட்ட அந்த மையத்தில் பன்றி என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. கோப்புகளில் ‘பயனுறு உயிரி’. வாய்ப்பேச்சில் ‘அது’.

ஐயம்பேட்டைத் தாவீதுக்கு இந்த நாகரிகமெல்லாம் தெரியாது. முதல் நாள் வந்தவர் நேரே புடவைக் கடைக்குள் நுழைந்து, “அண்ணா, பன்னி ஆபீசு எங்கண்ணா இருக்குது?” என்று உரக்கக் கேட்டுவிட்டார். அரக்கு பார்டரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் மொத்தமாக எழுந்து நின்றது. கடைக்காரர் தாவீதின் முழங்கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய், பேசாமல் ஆகாயத்தைக் காட்டினார். தாவீது கடவுளைத்தான் காட்டுகிறார் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்புறம்தான் மாடியைக் கண்டுபிடித்தார்.

அவர் வந்தது ஒரு பச்சை அட்டைக்காக. கல்யாண மண்டபங்களிலும் மெஸ்களிலும் மிஞ்சுகிற சோறு, சாம்பார், பொரியலை நீல டிரம்மில் பிடித்துக்கொண்டு போய்ப் போட்டுத்தான் அவர் பன்றிகள் வளர்ந்தன. இருபது வருஷமாக அதற்கு யாரும் அட்டை கேட்டதில்லை. இப்போது மையம் ஒரு சுற்றறிக்கை விட்டது. பச்சை அட்டை இல்லாதவருக்கு எந்த மண்டபமும் எச்சில் பருக்கைகூடத் தரக்கூடாது. அட்டை வேண்டுமானால் பண்ணையில் இருக்கும் ஒவ்வொரு பயனுறு உயிரியும் இரத்தம் கொடுத்து, தன் பரம்பரையை நிரூபித்தாக வேண்டும்.

மையத்தின் எழுத்தர் லோகேஸ்வரன் படிவத்தை நீட்டினார். ஏதோ பழைய மனுவிலிருந்து எடுத்துக் கட்டிய படிவம். பெயர், த/பெ, தொழில், நிரந்தர முகவரி.

“சார், இது எனக்கா, அதுக்கா?”

“அதுக்குத்தான்பா. ஒண்ணொண்ணுத்துக்கும் தனித்தனியா எழுது.”

“தொழிலுன்னு போட்டுருக்குதே சார்?”

லோகேஸ்வரன் ஒரு நிமிஷம் யோசித்தார். “இல்லன்னு போடு. வேலையில்லாதவங்களுக்குத் தனி சலுக வந்தாலும் வரும்.”

தாவீது உட்கார்ந்து எழுதினார். ஆண்பன்றி ஒன்று, பெயர் மேஜர். போன ஈத்தில் பிறந்த ஏழு பெண்குட்டிகள், ஏழுக்கும் த/பெ மேஜர். கடைசியாக, மகராசி. அவளுடைய அப்பன் யாரென்று தாவீதுக்குத் தெரியாது. தென்னேரிப் பக்கம் ஒரு பண்ணையில் வாங்கிவந்த குட்டி அவள். ‘தெரியாது’ என்று எழுதினார். தாய் பெயர் எழுத இடமே இல்லை. அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

மகராசியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஐந்து ஈத்து ஈன்றவள். ஈத்துக்குப் பத்துக்குக் குறையாது. மற்ற தாய்ப்பன்றிகள் தொப்பென்று விழுந்து படுத்துக் குட்டிகளை நசுக்கிவிடும். பண்ணைக்காரர்களுக்கு அதுதான் பெரிய தலைவலி. மகராசி அப்படியில்லை. முன்னங்காலை மடக்கி, குட்டியெல்லாம் ஒதுங்கிவிட்டதா என்று திரும்பிப் பார்த்து, அப்புறம்தான் மெள்ள உடம்பைச் சாய்ப்பாள். ஐந்து ஈத்தில் ஒரு குட்டிகூட அவள் உடம்புக்கடியில் மாட்டிச் செத்ததில்லை. இடி இடித்தாலும் அசையமாட்டாள். தாவீதின் மனைவி அம்சா, “இந்த வூட்டுல நிம்மதியா தூங்கறவ அவ ஒருத்திதான்” என்பாள். தாவீதின் வீட்டு ஓடு, பண்ணைச் சுவர், பெண்ணுக்குப் போட்ட கம்மல், எல்லாம் அவள் ஈன்று கொடுத்தவைதான்.

மையத்தின் இயக்குநர் முனைவர் கோதண்டபாணி. கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. அதிர்ந்து பேசமாட்டார். இருபத்திரண்டு வருஷம் பட்டுப்புழு முட்டை உற்பத்தியில் இருந்தவர். காஞ்சிபுரத்துக்கு ஒரு மரபியல் இயக்குநர் வேண்டும் என்றதும், பட்டு தெரிந்தவரைப் போட்டால் ஊருக்குப் பொருத்தமாக இருக்கும் என்று மேலிடத்தில் யாரோ அவரைப் போட்டுவிட்டார்கள். பன்றியை அவர் அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தார். அதுவும் குழந்தைகள் படத்தில்.

முதல் இரத்த முகாமுக்கு மையத்தின் வெள்ளை ஜீப் ஐயம்பேட்டைக்குள் வந்தது. கூரையில் ஒலிபெருக்கி. ‘உங்கள் பயனுறு உயிரிகளைத் தயவுசெய்து அமைதியான நிலையில் வைத்திருக்கவும்! அமைதியான நிலையில் வைத்திருக்கவும்!’ என்று அது தெருமுனையிலிருந்தே அலறிக்கொண்டு வந்தது. கோழிகள் கூரையேறின. மேஜர் எழுந்து காதை விடைத்தான்.

இயக்குநர் புழு வளர்ப்பு மனைக்குள் போகிற பழக்கத்தில் செருப்பைக் கழற்றிக் காலைக் கழுவிக்கொண்டு, வெறுங்காலோடு பன்றிக் கொட்டகைக்குள் இறங்கினார். அடுத்த அடியிலேயே கழுவியது வீண் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. மேஜரை நோக்கி ஒரு விரலை நீட்டி, “வா” என்றார். பட்டுப்புழு அப்படி வருமோ என்னவோ, மேஜர் வரவில்லை. நான்கு ஆட்கள் கயிறோடு துரத்தினார்கள். மேஜர் அவர்களைக் கொட்டகையைச் சுற்றி ஆறு சுற்று இழுத்தான், ஒருவரைத் தண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்தான், லோகேஸ்வரனின் கோப்பில் பாதியைத் தின்றான். ஏழு குட்டிகளும் அப்பனுக்குப் பின்னால் கத்திக்கொண்டே ஓடின. முக்கால் மணி நேரம் கழித்து, வாயில் நுரை தள்ள நின்றவனை அமுக்கிப் பிடித்து, மையத்தின் தற்காலிக ஆய்வக உதவியாளர் சுகாசினி இரத்தம் எடுத்தாள்.

“இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல என்கிட்ட ஒரு புழு ஓடினதில்ல” என்றார் இயக்குநர், வருத்தத்தோடு.

மகராசியின் முறை வந்தது. அவள் படுத்திருந்தாள். அம்சா பக்கத்தில் குந்தி அடிவயிற்றைச் சொரிந்து கொடுத்துக்கொண்டே இருக்க, சுகாசினி காது நரம்பில் ஊசி வைத்தாள். மகராசி கண்ணைத் திறந்து, யாரென்று பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டாள்.

படிவத்தில் ஒரு கட்டம்: ‘இரத்தம் எடுக்குமுன் உயிரி கால் மணி நேரம் ஓய்வில் இருந்ததா?’ அதற்கு எதிரே ‘ஆம்’ என்று அச்சடித்தே இருந்தது. ஒவ்வொன்றாக எழுதினால் பேனா மை வீணாகிறது என்று லோகேஸ்வரன் செய்த ஏற்பாடு. அதற்காக அவருக்குச் சிக்கன விருது கொடுத்திருந்தார்கள்.

இப்படி மாதம் ஒன்றாக மூன்று முகாம்கள் நடந்தன.

ஆடி மாதம், கல்யாணம் இல்லாமல் காலியாகக் கிடந்த ஒரு மண்டபத்தில் முடிவறிவிப்பு விழா. நாதஸ்வரம் உண்டு. பன்றி வளர்ப்பவர்கள் நாற்பது பேர், குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

“பெருமக்களே! நம் மையம் முதன்முதலாக உங்கள் பண்ணைகளுக்கு வந்தபோது, உயிரிகளின் சராசரி இரத்தச் செம்மை, அதாவது ஹீமோகுளோபின், பதினொன்றரை. அந்தோ, எவ்வளவு சோகையான பரம்பரை! மனம் தளராமல் இரண்டாம் முறை வந்தோம். பதின்மூன்றாயிற்று. மூன்றாம் முறை வந்தபோது, எங்கள் வாகனம் தெருமுனையில் திரும்பிய உடனே பதினைந்து! ஒரு குட்டிகூடப் புதிதாகப் பிறக்காமல், மூன்றே மாதத்தில் ஒரு பரம்பரையையே முன்னேற்றிய மையம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா? நாங்கள் மருந்து கொடுத்தோமா? இல்லை. தீவனம் கொடுத்தோமா? ஒரு பிடி கொடுத்ததில்லை. எங்களைப் பார்த்த மாத்திரத்தில் அவற்றின் இரத்தம் உயர்கிறது. இதைவிட ஒரு அலுவலகத்துக்கு என்ன நற்சான்று வேண்டும்?”

நாற்பது பேரும் கை தட்டினார்கள். தாவீதும் தட்டினார். எதற்கென்று தெரியாது. எல்லாரும் தட்டும்போது சும்மா இருந்தால் நன்றாயிருக்காது.

மேஜரின் பெயர் வாசிக்கப்பட்டது. பதினாறு புள்ளி. மாவட்டத்திலேயே முதலிடம். ‘செங்குருதிச் செம்மல்’ என்ற பட்டமும், அவன் ஏழு மகள்களுக்கும் ‘செம்மல் வம்சம்’ என்ற சான்றிதழும் கிடைத்தன. ஏழும் பதினைந்துக்கு மேல். தாவீது மேடையேறிச் சால்வை வாங்கிக்கொண்டார். புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தார். கூடவே லோகேஸ்வரன் ஒரு உறையையும் கையில் திணித்தார். இறங்கிவந்து பிரித்தார்.

‘மகராசி, த/பெ தெரியாது. மூன்று முகாம்களிலும் மாற்றமின்றி 10.8. தாழ்குருதி. மேற்படி உயிரி இனவிருத்தியிலிருந்து நீக்கப்பட்டு, பதினைந்து நாட்களுக்குள் இறைச்சிக்கு அனுப்பப்பட வேண்டும். தவறினால் பச்சை அட்டை ரத்து செய்யப்படும்.’

அவள் நிறை சினை. இன்னும் இருபது நாளில் ஈன்றுவிடுவாள். தாவீது சால்வையைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூட மறந்துபோய், அப்படியே ஷேர் ஆட்டோவில் ஏறி ஊர்வந்து சேர்ந்தார்.

கடிதத்தைக் கேட்டதும் அம்சா கொதித்துவிட்டாள். “இன்னாய்யா பேசறானுங்க! கோப்பைத் தின்ன நாயிக்குப் பட்டம், வூட்டைக் கட்டிக் குடுத்தவளுக்குக் கத்தியா? நீ அங்க இன்னா பண்ணிக்கினு இருந்த?”

“கை தட்டிக்கினு இருந்தேன்” என்றார் தாவீது, உண்மையை மறைக்காமல்.

மறுநாள் மேல்முறையீடு செய்யப் போனார். லோகேஸ்வரன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “பாதிக்கப்பட்டவருதான் மனு போடணும். உன்னையா கறிக்கடைக்கு அனுப்புறோம்?”

“இல்ல சார்.”

“அப்ப உன் கையெழுத்து செல்லாது. அதுதான் போடணும். எழுதப் படிக்கத் தெரியாதுன்னா கைநாட்டு வாங்கிக்கினு வா. இடது கை. சாட்சி ரெண்டு பேரு.”

தாவீது மனுவை வீட்டுக்கு எடுத்துப்போனார். முத்திரை மையை மகராசியின் இடது முன்னங்குளம்பில் தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்தார்கள். அவள் ஒத்துழைத்தாள். அம்சா ஒரு சாட்சி, பம்பை அடிக்கிற ஆனந்தராஜ் இன்னொரு சாட்சி. லோகேஸ்வரன் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ரேகை சரியாக விழவில்லையென்று ஒரு குறை எழுதி, பெரிய மனசு பண்ணி ஏற்றுக்கொண்டார். பத்தாம் நாள் மூவர் குழு நேரில் வந்து மறுபரிசோதனை செய்யும்.

படிக்கட்டில் இறங்கும்போது சுகாசினி பின்னாலேயே வந்தாள். இரண்டாவது மாடியில் ஜன்னல் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணே, உங்க மகராசிக்கு ஒண்ணும் இல்ல. நல்ல ரத்தம். சினையா இருக்கறப்ப கொஞ்சம் கம்மியா காட்டறது சகஜம்தான்.”

“அப்ப மேஜருக்கு?”

“அவனுக்கும் அவ்ளோதான் இருக்கும். பன்னி பயந்து ஓடுச்சுன்னா, மண்ணீரல் சுருங்கி, அதுல சேத்து வச்சிருக்கற செவப்பணுவ எல்லாம் வெளிய தள்ளும். நம்பர் ஏறிடும். அரை நாள் சும்மா வுட்டா எறங்கிடும். அப்பன் ஆத்தா கிட்டேருந்து வர்றதும் நெசமாவே இருக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா அத அளக்கணும்னா மொதல்ல பன்னி படுத்துக்கினு இருக்கணும்ல? இவங்க அளக்கறது பயத்த.”

“இத அய்யாகிட்ட சொல்லலியாம்மா?”

“சொன்னேனே. நல்ல ஆர்வம்னு தட்டிக்குடுத்தாரு. எனக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா வேலைய நீட்டிக்கறாங்கண்ணே” என்றாள் சுகாசினி.

தாவீதுக்கு ஒன்று மட்டும் புரிந்தது. மகராசி பிழைக்க வேண்டுமானால் பயப்பட வேண்டும்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளைப் பயமுறுத்தும் வேலை தொடங்கியது. ஆடிக் கூழுக்கு வந்த ஆனந்தராஜின் பம்பைக் கோஷ்டியைக் கூட்டிவந்து கொட்டகையில் அரை மணி அடிக்கவிட்டார். மகராசி மறுபக்கம் புரண்டு படுத்தாள். சரவெடி வைத்தார்கள். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்தாள். பக்கத்து வீட்டு நாயை அவிழ்த்துவிட்டார்கள். அது கொஞ்சம் குரைத்துப் பார்த்துவிட்டு, அவள் முதுகில் தலைவைத்துத் தூங்கிப்போனது. கடைசியில் தாவீது தன் போனில் ஜீப்பின் அறிவிப்பைப் பதிந்துகொண்டுவந்து ஒலிக்கவிட்டார். ‘அமைதியான நிலையில் வைத்திருக்கவும்!’ அவ்வளவுதான், செங்குருதிச் செம்மல் சுவரேறிக் குதித்து ஐயம்பேட்டை பஸ் நிறுத்தம் வரை ஓடினான். மகள்கள் ஏழும் பின்னால் ஓடின. அவர்களைப் பிடித்துவரச் சாயங்காலம் ஆயிற்று. மகராசி மட்டும் அதே இடத்தில் கிடந்தாள்.

ஒன்பதாம் நாள். தாவீது ஒரு கழியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அம்சா வாசலை மறித்தாள்.

“வயித்துப் புள்ளக்காரிய அடிக்கப் போறியா?”

“நாலு அடிதான் அம்சா. அடிச்சா பயப்புடுவா. பயந்தா உசுரோட இருப்பா. வேற இன்னா பண்றது சொல்லு.”

அம்சா விலகி நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாவீது கழியை ஓங்கினார். மகராசி நிமிர்ந்து பார்த்தாள். கழியால் முதுகு சொரிவது அவருடைய வழக்கம். இன்றைக்கும் அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, சுகமாக ஒரு முனகல் முனகிக்கொண்டு, பெருத்த வயிற்றைக் காட்டி மல்லாந்தாள். தாவீது கழியைக் கீழே போட்டார். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அவள் வயிற்றைச் சொரிந்துகொடுத்தார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.

பத்தாம் நாள் காலை மூவர் குழு வந்தது. இயக்குநர், லோகேஸ்வரன், வெளியுறுப்பினர். குழுவில் ஒருவர் இந்தத் துறைக்குத் துளியும் சம்பந்தமில்லாதவராக இருக்க வேண்டும் என்பது விதி. மற்ற இருவரும் அப்படித்தானே என்று கேட்கக்கூடாது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற ரேணுகாம்பாள் மூன்றாவது நாற்காலியில் அமர்ந்தார்.

சுகாசினி இரத்தம் எடுத்தாள். மகராசி கொட்டாவி விட்டாள். சிறிய கருவியில் எண் வந்தது: 10.8.

“வருந்துகிறோம்” என்றார் இயக்குநர். உண்மையிலேயே வருந்தினார். “விஞ்ஞானத்தில் இரக்கத்துக்கு இடமில்லை. இரத்தம் பரம்பரையாக வருவது. இவளை விட்டுவைத்தால் இவள் சந்ததியே தாழ்ந்துபோகும். உங்களிடம்தான் செம்மல் வம்சத்துக் கன்னிகள் ஏழு பேர் இருக்கிறார்களே, அவர்களை வைத்துப் பெருக்குங்கள்.”

“அய்யா” என்றார் தாவீது. எதிர்த்துப் பேசுகிற எண்ணமே இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். “அந்த ஏழு பேரும் இவ பெத்ததுதானேய்யா?”

இயக்குநர் லோகேஸ்வரனைப் பார்த்தார். லோகேஸ்வரன் கோப்பில் மேஜர் தின்னாமல் விட்ட பாதியைப் புரட்டினார். “படிவத்துல த/பெ மட்டும்தான் சார் இருக்குது. தாய்க்குக் கட்டம் இல்ல.”

“கட்டம் இல்லன்னா தாய் இல்லன்னு அர்த்தமா?” என்று ரேணுகாம்பாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஒரு நிமிஷம் இருங்க. தாய் பத்தே முக்கால். தாழ்ந்த ரத்தம். பொண்ணுங்க ஏழும் பதினஞ்சுக்கு மேல. மாவட்டத்துலயே ஒசந்த ரத்தம். பரம்பரையா வர்றதுன்னு நீங்கதான் சொல்றீங்க. அப்ப மூணுல ஒண்ணு தப்பா இருக்கணும். ரத்தம் பரம்பரையா வர்றதுன்னு சொல்றது தப்பு. இல்ல, பொண்ணுங்க கணக்கு தப்பு. இல்ல, தாயோட கணக்கு தப்பு. எது?”

இயக்குநர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். முதலாவது தப்பென்றால் மையத்தின் பலகையையே கழற்ற வேண்டும். இரண்டாவது தப்பென்றால், பட்டத்தைத் திரும்ப வாங்க வேண்டும், நாளிதழில் வந்த படத்தை என்ன செய்வது? மூன்றாவதைப் பார்த்தார். அது கொட்டகை மூலையில் படுத்து, ஒரு காதை ஆட்டி ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. யாரிடமும் போய்ச் சொல்லாது.

“மையத்தின் கொள்கை தவறாக இருக்க இயலாது” என்றார் இயக்குநர், எழுந்து நின்று. “மையம் கொடுத்த பட்டமும் தவறாக இருக்க இயலாது. எனவே அனைத்துக்கும் முரண்படுவது இந்த உயிரி ஒன்றே. அது தன் உண்மையான இரத்தத்தை நம்மிடமிருந்து மறைத்திருக்கிறது. லோகேஸ்வரன், பிள்ளைகளை வைத்துத் தாயைத் திருத்துங்கள்.”

லோகேஸ்வரன் விரல்விட்டுக் கூட்டினார், கழித்தார். “பதினஞ்சு புள்ளி மூணு வருது சார்.”

“விடைய வச்சிக்கினு கணக்கு போட்ட பசங்கள நான் முட்டி போட வச்சிருக்கேன்” என்றார் ரேணுகாம்பாள். ஆனால் மகராசியை ஒரு தரமும், வாயைப் பொத்திக்கொண்டு நின்ற அம்சாவை ஒரு தரமும் பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்து முதல் கையெழுத்தை அவர்தான் போட்டார்.

இப்படியாக, அன்று காலை பதினொன்றே காலுக்கு, மகராசி படுத்த இடத்தைவிட்டு அசையாமலே நாலரைப் புள்ளி ஏறினாள்.

உயர்ந்த பிறகு சும்மா விடுவார்களா? ‘செங்குருதித் தாய்’ என்று அவளுக்கும் ஒரு பட்டம் வந்தது. அதற்குள் அவள் பன்னிரண்டு குட்டி ஈன்று, குட்டிகளுக்கு மூன்று வாரமும் ஆகியிருந்தது. விழா ஐயம்பேட்டையிலேயே, கொட்டகைக்கு எதிரே பந்தல் போட்டு நடந்தது. பட்டு பார்டர் வைத்த சால்வையை இயக்குநர் எட்ட நின்றே அவள் முதுகில் போர்த்தினார். சரிகை எப்படியிருக்கிறதென்று அவள் ஒரு முனையைச் சுவைத்துப் பார்த்தாள். கூடவே, பன்றி வளர்ப்பவர்களுக்கு இலவச இரத்த அழுத்தப் பரிசோதனையும் ஏற்பாடாகியிருந்தது. மேசை போட்டுச் சுகாசினி உட்கார்ந்திருந்தாள். முதல் ஆளாகத் தாவீதைக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். எதிரே இயக்குநர், பக்கத்தில் லோகேஸ்வரன், பின்னால் ஜீப்.

பட்டையைச் சுற்றிக் காற்றடித்த சுகாசினி புருவத்தைத் தூக்கினாள். “நூத்தி எழுபது காட்டுதேண்ணே. உங்க குடும்பத்துல முன்னாடி யாருக்காச்சும் இது இருந்துச்சா?”

“எங்கப்பாவுக்கு இருந்துச்சும்மா” என்றார் தாவீது. “தாசில்தார் ஜீப்பு ஏரிக்கரையில திரும்புனா போதும், நெஞ்சு இப்டித்தான் அடிச்சிக்கும் அவருக்கு. எங்க தாத்தாவுக்கு ஜீப்புகூட வேணாம். மணியக்காரரு செருப்புச் சத்தம் கேட்டாலே வந்துரும்.”

இயக்குநருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “கேட்டீர்களா? தாத்தா, அப்பா, மகன். மூன்று தலைமுறை! பரம்பரை இல்லையென்று இனி யார் சொல்வார்கள்? லோகேஸ்வரன், இவருக்கும் ஒரு படிவம் எடுங்கள்.”

லோகேஸ்வரன் படிவத்தை எடுத்தார். ‘ஓய்வில் இருந்தாரா?’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

விழா முடிந்து ஜீப் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஒலிபெருக்கி நன்றி சொல்லி அலறியது. மேஜர் சுவரை நோக்கி ஓடினான். அவன் மகள்கள் ஓடினார்கள். மகராசியின் வயிற்றில் முட்டிக்கொண்டிருந்த குட்டிகள் பால்காம்பை விட்டுவிட்டு வீலென்று கத்திக்கொண்டு மூலைக்கு ஓடின. தாவீதுக்கும் ஓடக் கால் எடுத்தது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மகராசி படுத்திருந்தாள்.

அப்போதுதான் கவனித்தார். மூலையில் எண்ணினால் பதினொன்றுதான் இருந்தன. பன்னிரண்டாவது, காதில் கரும்புள்ளி வைத்த ஒரு பெண்குட்டி, ஓடவில்லை. சத்தம் வந்த திசையை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் பால் குடிக்க ஆரம்பித்தது.

“அம்சா, இங்க வந்து இதப் பாரேன்” என்று தாவீது மெதுவாகக் கூப்பிட்டார். “யாரு வந்து கேட்டாலும் இத மட்டும் குடுக்கக் கூடாது. இதுக்குப் படிவமும் எழுத வேணாம்.”